அறியாமல் செய்யும் தர்மம்

ஸ்பெயின் தேசத்தின் தெற்கே 3,400 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கும் சியரா நெவாடா மலையின் உச்சிப் பகுதியில், குளிர்காலமெல்லாம் பனியால் மூடுண்டும், பனி உருகிய பின்போ மத்தியதரைப் பிரதேசத்துக்கே உரிய மழையற்ற கோடையால் காய்ந்தும் கிடக்கும் சரளை நிலத்தில், 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் 'அரினேரியா டெட்ராகுவெட்ரா' என்று பெயரிட்ட செடி, தரையோடு தரையாக இறுகித் திண்டுபோல் வளர்கிறது. மிகச் சிறிய அதன் இலைகள் நான்கு வரிசையாக ஒன்றன்மேலொன்று நெருங்கி அடுக்கியிருப்பதால் ஒவ்வொரு கிளையும் நாற்பட்டையாகத் தோன்றும். வெண்பூக்கள் அந்தப் பச்சைப் பரப்பின்மீதே படிந்து மலரும். மகரந்தம் சுமக்க எறும்புகளும் வருவதுண்டு.

உலர்ந்த பழைய இலைகள் காற்றோடு போய்விடாமல் திண்டுக்குள்ளேயே தங்கி மக்குவதால், அங்கே கொஞ்சம் மண்ணும் ஈரமும் சேர்கின்றன. வெட்டவெளியில் முளைத்தால் கருகிப்போகக்கூடிய அயற்செடிகள் அங்கே வேர்கொண்டு பிழைக்கின்றன. ஆனால், இந்த விருந்தினர் பெருகப் பெருக, இடங்கொடுத்த செடியின் பூவும் விதையும் குறைகின்றன என்பதையும் அம்மலையில் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தன் சந்ததிக்கு நஷ்டம் வந்தும் அந்நியரை வாழவைக்கும் இச்செயலைத் தர்மம் என்னலாமா?

சங்கற்பம் இல்லாத இடத்தில் புண்ணியமும் இல்லை என்று சாஸ்திரமறிந்தோர் உடனே சொல்லிவிடுவர். தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மாத்திரமே உடைய ஓரறிவுயிர் என்றார். கொடுக்காதிருக்கும் சுதந்திரம் இல்லாத உயிரைக் கொடையாளி என்று போற்றுவது நம் மனத்தின் சாயலை அதன்மேல் ஏற்றுவதே என்பதை நானும் மறுக்கவில்லை. எனினும், அந்த நியாயம் செடியோடு நிற்பதில்லை. ஜெர்மானிய தத்துவஞானி காண்ட் 1785-இல் வெளியிட்ட ஒழுக்க நூலில், இயல்பான இரக்கத்தால் பிறருக்கு உதவி அதில் மகிழ்கிறவனின் செயல் பாராட்டுக்குரியதே ஆயினும், கடமையுணர்விலிருந்து பிறவாததால் அதற்கு மெய்யான ஒழுக்க மதிப்பு இல்லை என்று கூசாமல் எழுதினார். அவர் அளவுகோலின்படி, பசித்து வந்தவன் யாரென்று விசாரியாமல், புண்ணியம் பாவம் என்ற நினைவே எழாமல், பழக்கத்தால் இலைபோட்டுச் சோறிடும் மூதாட்டி, மனத்தோடு மல்லாடிக் கடைசியில் ஒருபிடி ஈயும் லோபியைவிடத் தாழ்ந்தவள் ஆகிறாள். ஸ்பெயினின் செடிக்குப் புண்ணியம் மறுக்கப்பட்டால் எனக்கு வழக்கில்லை; மூதாட்டிக்கு மறுக்கப்படுமாயின், காண்டின் பக்கம் நிற்க எனக்குச் சம்மதமில்லை.