கேஜைக் கழற்றிப் பார்!

நண்பா, வாசலில் நிற்கிறதே உன் பழைய ஸ்பிளெண்டர், அதன் இன்ஜின் பக்கம் நீ கடைசியாக எப்போது குனிந்தாய்?

வண்டியைக் கழுவுகிறாய். பெட்ரோல் போடுகிறாய். கண்ணாடியைத் திருப்பித் தலை சீவுகிறாய். ஆயில் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும், "நமக்கு அதெல்லாம் தெரியாதுங்க, மெக்கானிக் பார்த்துக்குவார்" என்கிறாய். அந்த ஒரு வாக்கியத்தை உன் வாயிலிருந்து பிடுங்கி எறியத்தான் இதை எழுதுகிறேன்!

தெரியாமல் இருப்பதில் குற்றமே இல்லை. பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றை, பத்து வருடமாகத் தெரியாது என்று சொல்லித் திரிகிறாயே, அங்கேதான் உன்னை நீயே குட்டையாக்கிக்கொள்கிறாய்.

மறந்துவிடச் சொன்னது எதை?

நிரப்பு, மூடு, மறந்துவிடு என்ற பொருளில் 1980-களில் ஹீரோ ஹோண்டா தன் சிடி 100 வண்டிக்கு விளம்பரம் செய்தது. நாடே அதைத் திருப்பிச் சொன்னது. பெட்ரோல் டேங்கைப் பற்றிச் சொன்னதை நம் ஆட்கள் இன்ஜின் ஆயிலுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்!

அதே நிறுவனத்திலிருந்து 1994-இல் வந்தது ஸ்பிளெண்டர். 97.2 சிசி. உள்ளே 50 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு பிஸ்டன். ஆயில் மாற்றும்போது ஊற்றுவது கொஞ்சம்தான். ஒரு லிட்டர்கூட இல்லை. அந்தக் கொஞ்சம் ஆயில்தான் பிஸ்டனையும் கிராங்கையும் தேயாமல் காக்கிறது. கியர் பற்களும் கிளட்ச் பிளேட்டுகளும் அதிலேயே நனைந்து கிடக்கின்றன. ரேடியேட்டர் இல்லாத இன்ஜின் என்பதால், காற்றோடு சேர்ந்து சூட்டை இறக்குவதும் அதன் வேலைதான். அதில் மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோய்விட்டால் என்ன ஆகும்? மேலே ஹெட்டில் சுழலும் கேமும் ராக்கர் ஆர்மும் பட்டினி கிடக்கும்.

ஆயில் குறைவதைச் சொல்ல அந்த வண்டியில் ஒரு சிவப்பு விளக்கும் கிடையாது! குறையும்போது வண்டி பேசாமல் ஓடும். சத்தம் கேட்கத் தொடங்கும்போது தேய்மானம் பாதி தூரம் போயிருக்கும். விளக்கு எரியும் என்று காத்திருப்பவன் இன்ஜின் வேலைக்குப் பணம் எண்ணிக் கொடுப்பான். தானே எழுந்துபோய்ப் பார்ப்பவன் அரை டப்பா ஆயிலோடு முடித்துக்கொள்வான்.

உன் எதிரி அச்சம்!

நீ ஏன் பார்ப்பதில்லை தெரியுமா? நேரமில்லாமல் இல்லை. திறந்து பார்த்தால் என்ன செலவு வருமோ என்ற பயம்! பார்க்காதவரை நன்றாக இருக்கிறது என்று உன்னை நீயே ஏமாற்றிக்கொள்ளும் சுகம். காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரைக் கண்டு ஓடினால் காய்ச்சல் இறங்கிவிடுமா?

தன்னம்பிக்கை என்றால் கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று கத்துவது என்று எவனோ உனக்குச் சொல்லிவைத்திருக்கிறான். உள்ள நிலவரம் எதுவாக இருந்தாலும் அதைக் கண்ணால் பார்க்கும் துணிவுக்குப் பெயர்தான் தன்னம்பிக்கை! பார்த்துவிட்டால் பயம் ஓர் அளவாகச் சுருங்கிவிடும். அளந்ததை எவனும் சரி செய்யலாம்.

குனி, இப்போதே!

சமதரையில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்று. சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டி பொய் சொல்லும். மூன்று முதல் ஐந்து நிமிடம் இன்ஜினை ஐடிலில் ஓட விடு. அணை. இரண்டு மூன்று நிமிடம் பொறு. மேலே ஏறிய ஆயில் கீழே இறங்கட்டும். வலப்பக்கம் ஆயில் ஊற்றும் மூடி இருக்கிறது. ஆயில் அளவைக் காட்டும் கேஜ் அதோடு சேர்ந்தே இருக்கும். பக்கத்தில் சைலன்சர் பைப் சுடும், கையைப் பார்த்துக்கொள். மூடியைத் திருகிக் கழற்று. சுத்தமான துணியால் கேஜைத் துடை. மறுபடி உள்ளே விடு. மரையைத் திருகாதே, சும்மா வை. எடுத்துப் பார். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே ஆயில் நின்றால் நிமிர்ந்து நட!

கீழ்கோட்டைத் தொட்டாலோ, அதற்கும் கீழே போனாலோ கலங்காதே. வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன அதே கிரேடு, பெரும்பாலும் 10டபிள்யூ-30, வாங்கு. டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்கிறதா பார். மிச்சமிருக்கும் கார் ஆயிலை ஊற்றாதே. உராய்வைக் குறைக்கும் சரக்கு அதில் கலந்திருந்தால் கிளட்ச் வழுக்கும். புனல் வைத்து, ஒரு தடவைக்கு நூறு மில்லிக்கு மேல் போகாமல் ஊற்று. பொறு, அள. இன்னும் வேண்டுமானால் இன்னும் கொஞ்சம். மேல்கோட்டைத் தாண்டவே தாண்டாதே! அதிகமாக ஊற்றினால் ஆயில் நுரைக்கும், பிரீதர் வழியாக ஏர் பில்டருக்குள் ஏறும். ஆர்வக்கோளாறும் இன்ஜினுக்கு ஆகாது.

தங்கையே, "இது ஆம்பளைங்க வேலை" என்று எவனாவது சொன்னால் சிரித்துவிட்டுக் குனி. மூடியைத் திருக மீசை தேவையில்லை!

கறுப்பைக் கண்டு மிரளாதே

கேஜில் வந்த ஆயில் கறுப்பாக இருக்கிறதா? அது கரியைச் சுமந்துகொண்டு உழைத்திருக்கிறது. மாற்றும் கிலோமீட்டர் வந்துவிட்டதா என்று மட்டும் பார். பால் கலந்த காபி நிறமா? தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஊற்றாமலே அளவு ஏறி, பெட்ரோல் நெடி அடிக்கிறதா? கார்புரேட்டரைக் கவனி. மினுமினுக்கும் உலோகத் தூளா? வண்டியை ஓட்டாதே, மெக்கானிக்கிடம் கொண்டு போ. சைலன்சரில் நீலப் புகை வந்து, ஊற்ற ஊற்றக் குறைகிறதா? ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. ஆயில் ஊற்றியே அதைக் குணப்படுத்த முடியாது. டாப்-அப் செய்ததால் ஆயில் மாற்றும் கணக்கும் தள்ளிப்போகாது.

ஒரு நோட்டில் எழுது: எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மில்லி. பட்டறைக்குப் போய், "என்னமோ சத்தம் வருதுண்ணே, பாருங்க" என்று கைகட்டி நின்றவன், இனி "ஆயிரம் கிலோமீட்டருக்கு இருநூறு மில்லி குடிக்குதுண்ணே, புகையும் நீலமா வருது" என்று சொல்வாய். மெக்கானிக்கின் பார்வையே மாறும்! அவர் தொழிலை அவர் செய்வார். முடிவெடுக்கும் இடத்தில் நீ இருப்பாய். எது வரை நம்மால் முடியும், எங்கே தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அறிந்தவன்தான் முழுத் தன்னம்பிக்கைக்காரன்.

வண்டி பழசு என்று வெட்கப்படாதே. அப்பா ஓட்டிய வண்டியா? செகண்ட் ஹாண்டில் வாங்கியதா? கடன் வாங்கிப் புது வண்டி எடுத்து, அதையும் பார்க்காமல் ஓட்டிக் கெடுப்பவனைவிட, பழைய வண்டியை அளவோடு வைத்து ஓட்டும் நீ பெரியவன்! அதில்தான் நீ வேலைக்குப் போகிறாய், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறாய். உன் பிழைப்பு ஓடும் இயந்திரத்தின் நிலவரத்தை அடுத்தவன் வாயிலிருந்து எதற்குக் கேட்க வேண்டும்?

நல்ல நாள் பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதே. ஒரு துண்டுத் துணியை எடு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடு, மூடியில் கையை வை. திருகு, தோழா, திருகு!