எழுந்து போகச் சொல்பவர்

போக்கர் ஆடுபவர்களிடையே எழுதப்படாத நெறி ஒன்று உண்டு. ஆட்டம் சரியாகத் தெரியாதவர் மேசையில் வந்து உட்கார்ந்தால் அவரைக் கேலி செய்யக் கூடாது. தப்பாக ஆடி, அதிர்ஷ்டத்தில் ஜெயித்துவிட்டாலும் முகம் சுளிக்கக் கூடாது. எங்கே தவறினார் என்று அங்கேயே பாடம் நடத்தவும் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காரணத்தை விசாரித்தால்தான் மனம் சுருங்குகிறது. அப்படிப்பட்டவரை அவர்கள் தங்களுக்குள் மீன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மீன்தொட்டியின் கண்ணாடியைத் தட்டாதே என்பது அங்கே மூத்தவர் இளையவருக்குச் சொல்லும் புத்தி. தட்டினால் மீன் மிரண்டு ஓடிவிடும். இல்லாவிட்டால் ஆடக் கற்றுக்கொண்டுவிடும்.

ஒருவரிடம் அன்பாக நடப்பதும், அவரை எழுந்து போகவிடாமல் பிடித்து வைப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டிலும் அதே புன்னகை, அதே பொறுமை. பிறகு எதை வைத்துப் பிரித்தறிவது?

இதை யோசிக்கக் குன்றத்தூர் பொருத்தமான ஊர். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த மண். அவர் பாடிய அறுபத்து மூவரில் சூதாடி ஒருவரும் இருக்கிறார்: மூர்க்க நாயனார். அவருடைய ஊரும் தொலைவில் இல்லை. மாங்காடு வழியாகப் போனால் எட்டிவிடும் திருவேற்காடுதான். அடியார்களுக்குச் சோறிட்டே சொத்தெல்லாம் தீர்ந்தபின், தமக்குக் கைவந்த சூதைக் கொண்டு அந்தத் தொண்டைத் தொடர்ந்தவர் அவர். ஜெயித்த பொருளைத் தாம் தீண்டாமல் சமையல் செய்பவர்களிடம் சேர்ப்பித்தார். எல்லாரும் உண்ட பிறகே கடைசிப் பந்தியில் உண்டார். சேக்கிழார் போற்றுவது அந்தத் தொண்டை. ஆனால் ஆட்டம் நடந்த விதத்தையும் அவர் மறைக்கவில்லை. முதல் ஆட்டத்தில் நாயனார் தோற்றுக் கொடுப்பார். அடுத்தடுத்த ஆட்டங்களில் வென்று பெரும்பொருள் சேர்ப்பார். பந்தயப் பொருளைத் தர மறுத்தவர்களைச் சுரிகையால் குத்தினார். மூர்க்கர் என்ற பெயர் அதனால் வந்தது. சொந்த ஊரில் அவரோடு ஆட ஆளே இல்லாமல் போக, ஊர் ஊராகச் சென்று குடந்தையை அடைகிறார்.

நாயனாரின் பக்தியில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனாலும் அந்த முதல் ஆட்டத்தில் ஜெயித்து மகிழ்ந்தவனைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவனுக்குப் பெயரும் இல்லை, புராணமும் இல்லை. வள்ளுவருக்கு அவனைத் தெரிந்திருக்கிறது. சூது அதிகாரத்தின் முதல் குறளிலேயே, சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் இரும்பாகப் பார்த்தவர் அவர். ரம்மி செயலிகள் புதியவருக்கு அள்ளிக் கொடுத்த வரவேற்பு போனஸ் வேறென்ன?

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஷிப்ட் பார்க்கும் இளைஞர்கள் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கும் ஊர் குன்றத்தூர். நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் பிடிக்காமல் கிடப்பவன் கையில் அந்தச் செயலிகள் எளிதாக வந்து சேர்ந்தன. நீதிமன்றங்களோ இது திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியை அரை நூற்றாண்டுக்கு மேலாக விசாரித்துவந்தன. ரம்மியில் திறமையே மேலோங்குகிறது என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொன்னது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தபோது, அவை திறமை ஆட்டங்களே என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அந்தப் பட்டியலை நீக்கியது.

சட்டத்துக்கு அந்தப் பதில் போதுமானதாக இருக்கலாம். எனக்கோ அந்தப் பதில்தான் அச்சம் தருகிறது. அதிர்ஷ்டம் என்றால் இருவருக்கும் வாய்ப்பு சமம். திறமை என்றால், தெரியாதவன் இன்று தப்பித்தாலும் ஆடிக்கொண்டே இருந்தால் தோற்பது உறுதி. ஆட்டத்தில் திறமையின் பங்கு கூடக்கூட, தெரிந்தவனின் பொறுப்பும் கூடத்தான் செய்கிறது.

அந்தப் பொறுப்பைச் சுமக்கிறவர்களும் இந்த ரூம்களில் உண்டு. பதின்மூன்று சீட்டு ரம்மியில் முதல் சீட்டு எடுக்கும் முன்பே விலகினால், அதாவது ஸ்கூட் விட்டால், இருபது பாயிண்ட் போகும். நடுவில் விலகினால் நாற்பது. சேராத கையோடு கடைசிவரை உட்கார்ந்திருந்தால் ஃபுல், எண்பது. புதுப் பையன் ஜோக்கரும் இல்லாத, ரம்மியும் சேராத கையை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருப்பான். “தம்பி, இது சேராது. ஸ்கூட் விட்டுடு” என்பார் எதிரில் இருக்கும் சீனியர். அந்த ஒரு சொல்லால் அவருக்கு வந்திருக்க வேண்டிய அறுபது பாயிண்ட் போய்விடுகிறது. புன்னகையும் பொறுமையும் தர முடியாத சான்றை அந்த அறுபது பாயிண்ட் தருகிறது. எதிரில் இருப்பவரின் அறியாமையால் நமக்கு வரும் லாபத்தை விட்டுக்கொடுக்கிற இடத்தில்தான் மரியாதை தொடங்குகிறது. அவர் தெரியாதவராகவே இருக்கட்டும் என்று உள்ளூர விரும்பிக்கொண்டு காட்டும் பணிவெல்லாம் வியாபாரம்.

காசு வைக்காத பலகையில் இது இயல்பாகவே நடக்கிறது. வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். அப்படி ஒருவர் உருவாக, சிறுவயதில் அவரைத் தினமும் தோற்கடித்தபடியே, அவரிடம் தோற்கும் நாளை விரும்பி எதிர்பார்த்த மூத்த ஆட்டக்காரர்கள் எதிரில் இருந்திருக்க வேண்டும்.

செயலியில் அப்படி யாரும் எதிரில் இல்லை. அதனால்தான் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை காசு வைத்து இணையத்தில் ஆடக் கூடாது என்று தமிழக அரசே 2025-ல் விதி போட வேண்டி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் நாடாளுமன்றம் தடை செய்தது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் ரூமில் இருக்கும் சீட்டுக்கட்டுக்குள் அந்தச் சட்டம் வராது. சம்பளம் ஏறிய வாரத்தில் அங்கே ஆட்டத்தை நிறுத்துகிற வேலையை, இருப்பவர்களில் நன்றாக ஆடத் தெரிந்தவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். தோற்றுக்கொண்டிருப்பவன் தானாக எழ மாட்டான். “இன்னும் ஒரே ஆட்டம்ணே, விட்டதைப் பிடிச்சிடுறேன்” என்றுதான் கெஞ்சுவான்.