கையில் படும் கறை இழிவாகுமா?

எழுதப் படிக்கத் தெரிந்தவன் எண்ணெய்க் கறை படிந்த கையோடு வாசலில் நிற்கலாமா என்னும் ஐயம் நம்மவர்க்குள் இன்னும் ஒழிந்தபாடில்லை. பழைய மோட்டார் கார் வைத்திருக்கும் ஒருவர், அதன் மூடியைத் திறந்து, தேய்ந்த பெல்ட்டைத் தாமே மாற்றத் தொடங்குவாராயின், அவ்வழியே போவோர் முதலில் கேட்பது, "பட்டறையில் கொடுக்கக் காசில்லையா?" என்பது. அடுத்துக் கேட்பது, "படித்தவருக்கு இந்த வேலை எதற்கு?" என்பது. முன்னது பணத்தைப் பற்றிய கேள்வி, அதை விட்டுவிடலாம். பின்னது ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி; அதற்கு விடை கூறியே தீரவேண்டும்.

வேலை இன்னதென்று முதலில் பார்ப்போம். 1985-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த புரோட்டோன் சாகா காரை மலேசியாவில் அறியாதார் இல்லை. மித்சுபிஷி எஞ்சின் பூட்டிய அத்தகைய பழைய கார்களில், எஞ்சின் சுழற்றும் கப்பியிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பையும் இயக்குவது அதுவே. நாளடைவில் அது வெடிப்பு விட்டு, பளபளப்பேறி, வழுக்கிக் கிறீச்சிடும். அறுந்துவிட்டாலோ, பாட்டரி விளக்கு எரியும், தண்ணீர் கொதிக்கும், கார் நடுவழியில் நின்றுவிடும்.

எஞ்சின் ஆறியபின் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். குளிர்சாதனத்துக்குரிய பெல்ட் முன்னே மறித்தால் அதை முதலில் எடுக்கவேண்டும். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் போல்ட்டையும் பூட்டும் போல்ட்டையும் தளர்த்தி, சரிசெய்யும் திருகைத் திருப்பினால், ஆல்டர்னேட்டர் எஞ்சின் பக்கம் சாயும். பெல்ட் கையோடு வரும். புதியதைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, கப்பிகளின் பள்ளத்தில் மாட்டி, மீண்டும் இறுக்கவேண்டும். சூட்சுமம் இறுக்கத்தில்தான் உள்ளது. பெல்ட்டின் நீண்ட பகுதியை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தாழவேண்டும். தளர்ந்திருந்தால் வழுக்கும், மிக இறுகினால் பேரிங்குகள் கெடும். சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடியும் அழுத்திப் பார்த்தல் நலம்.

நிற்க. இவ்வளவையும் புத்தகத்தில் படித்துவிடலாம். ஆனால், துருவேறிய போல்ட் ஒன்று எத்துணைப் பிடிவாதம் செய்யும், கை நுழையா இடத்தில் ஸ்பேனரைச் சிறிது சிறிதாகத் திருப்புவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பவை புத்தகத்தில் இல்லை. பார்ப்பவனுக்கு அது அரைமணி வேலை. புதிதாய்ச் செய்பவனுக்கோ அரைநாள் வேலை. இந்த வேறுபாட்டை உணர்வதே நாம் இங்கு வற்புறுத்த விரும்பும் விஷயம்.

நாம் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவர். இன்னார் முழுநாள், இன்னார் அரைநாள், இன்னார் இத்தனை குலை என்று செக்குரோலில் பதிவது நம் தொழில். பிறர் உழைப்பை எண்ணாக மாற்றும் அதிகாரம் நம் பேனாவில் இருக்கிறது. ஆங்கிலப் பள்ளி நமக்குக் கூட்டலும் பெருக்கலும் கற்பித்தது. 20 கிலோ செம்பனைக் குலையை வெயிலில் தூக்கிச் சுமப்பது எத்தகையது என்பதைக் கற்பிக்கவில்லை. கையால் ஒரு வேலையும் செய்தறியாதவன் எழுதும் கணக்கில் தொகை சரியாயிருக்கலாம். நியாயமும் சரியாயிருக்குமென்பதற்கு என்ன உறுதி?

கைவேலை இழிவென்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? செருப்புத் தைத்தவனையும் துணி வெளுத்தவனையும் கீழே தள்ளி, அவர்கள் உழைப்பில் சுகித்தவனை மேலே வைத்த ஜாதி முறையிலிருந்தே வந்தது. நம் முன்னோர் கப்பலேறியபோது அதுவும் மூட்டையோடு மூட்டையாக ஏறி வந்துவிட்டது. பால்மரம் வெட்டிக் கறைபட்ட கைகளே நம்மில் பலரைப் பள்ளிக்கு அனுப்பின. அக்கறையை அவர்கள் பேரப்பிள்ளைகளே இழிவென்பது நன்றியாகுமா? இன்று தோட்டங்களில் அவ்வேலைகளை இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் செய்கின்றனர். அன்று நம்மவரைப் பார்த்து முகஞ்சுளித்தார்களே, அதே முகத்தை இன்று நாம் அவர்களுக்குக் காட்டுவோமாயின், நாம் பெற்ற கல்வியால் யாது பயன்?

எல்லோரும் தத்தம் வேலையைத் தாமே செய்துகொண்டால் பட்டறைக்காரர் பிழைப்பது எங்ஙனம் என்று சிலர் கேட்கக்கூடும். எல்லா வேலையையும் செய்யுமாறு நாம் கூறவில்லை. எஞ்சினின் மூடிக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டைப் பிசகாகப் பொருத்தினால் பல எஞ்சின்களில் வால்வுகளே வளைந்துபோகும். அதைத் தேர்ந்தவரிடமே விடவேண்டும். ஆனால், சிறிய பெல்ட்டைத் தன் கையால் மாற்றியவன், பெரிய வேலைக்குக் கூலி கொடுக்கும்போது 5 வெள்ளி குறைக்கச் சொல்லி வாதாடமாட்டான். அக்கூலி எதற்கென்பதை அவன் விரல்கள் அறிந்திருக்கும்.

ஆகவே, தோழர்களே! விடுமுறை நாளில் இத்தகைய வேலையொன்றை மேற்கொள்ளுங்கள். ஆண் பெண் என்ற பேதமின்றிப் பிள்ளைகளையும் அருகில் நிறுத்தி, ஸ்பேனரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். கையில் பட்ட கறை சவுக்காரத்தால் போய்விடும். உழைப்பவனை இழிவாக எண்ணும் மனக்கறையோ, நாமும் உழைத்துப் பார்த்தாலன்றிப் போகாது.