பொன்னா செய்தது தப்பா?

சென்ற மாதம் ஒரு நாள் காலை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் வீடு தேடி வந்தார். கையில் ஒரு நாவல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்:

"பொன்னா செய்தது தப்பா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

பொன்னா எங்கள் தெருப் பெண் அல்ல. பெருமாள்முருகன் எழுதி 2010-ல் வெளிவந்த 'மாதொருபாகன்' நாவலின் நாயகி. ஆனால் அவர் கேட்ட தோரணை, அடுத்த வீட்டு விவகாரத்துக்குப் பஞ்சாயத்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டது போல் இருந்தது.

"நான் எழுதிய கதை இல்லையே, ஐயா" என்றேன்.

"எழுதியவர் சொல்லாமல் விட்டுவிட்டார். நீங்களும் எழுதுகிறவர்தானே? நீங்களாவது சொல்லுங்கள்" என்றார்.

காபி குடித்துவிட்டுப் போனார். பதில் சொல்லி அனுப்ப என்னால் முடியவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காளி, பொன்னா என்று ஒரு தம்பதி. மணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் பிள்ளை இல்லை. ஊரார் வாய் சும்மா இருக்கிறதா? அவனை ஒரு சொல், அவளை ஒரு சொல். மறுமணம் செய்துகொள் என்கிறார்கள், அவன் மறுக்கிறான். மனைவியின் மேல் அவ்வளவு பிரியம். திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவில் பதினான்காம் நாள் இரவு, பிள்ளையில்லாத பெண் முன்பின் அறியாத ஆடவனைத் தெய்வமாகப் பாவித்துக் கூடலாம் என்பது கதையில் வரும் வழக்கம். இரு வீட்டுத் தாய்மாரும் பொன்னாவை அங்கே அனுப்ப முடிவு செய்கிறார்கள். பொன்னாவின் அண்ணன் முத்து, காளியின் பால்ய சிநேகிதன். காளி சம்மதித்துவிட்டதாகத் தங்கையிடம் சொல்லி அவளைப் போகச் செய்கிறான். காளியையோ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். உண்மை தெரிந்தபின் பூவரச மரத்தடியில் காளி இடிந்து விழுந்து கிடக்க, நாவல் நின்றுவிடுகிறது.

இதில் குற்றவாளி யார்? அவள்தான் என்றால், புருஷன் சம்மதித்துவிட்டான் என்று நம்பித்தானே போனாள்? முத்து பொய் சொன்னவன், வாஸ்தவம். ஆனால் தங்கையும் சிநேகிதனும் ஊர் வாயிலிருந்து தப்பட்டும் என்றுதானே சொன்னான்? பேரப் பிள்ளைக்கு ஏங்கிய கிழவிகளைக் குற்றம் சொல்வதா? காளியைத்தான் சொல்வதா? மணமாகுமுன் அதே பதினான்காம் நாள் இரவில் அந்தத் தெருக்களில் அலைந்தவன் அவன். பிறர் மனைவியருக்கு அவன் தெய்வமாக இருந்தபோது உறுத்தாத வழக்கம், தன் மனைவி என்றதும் நெஞ்சில் தைக்கிறது.

இன்னொரு இடமும் உண்டு. இந்த யோசனை முதலில் எழும்போது காளி அவளையே கேட்கிறான், நீ போவாயா என்று. நீ விரும்பினால் போகிறேன் என்கிறாள் அவள். அவளுக்கு அது பதிபக்தி. அவன் காதில் விழுந்ததோ துரோகத்தின் முதல் எழுத்து. ஒரே வாக்கியத்தை ஒருத்தி ஒரு மனத்தோடு சொல்ல, ஒருவன் வேறு மனத்தோடு கேட்கிறான். கதை முழுவதற்கும் விதை அங்கேதான் விழுகிறது.

நாவலின் தொனியும் இதற்கு ஒத்தே அமைந்திருக்கிறது. ஆடு மாடு, காடு கழனி, கள், பூவரசு என்று எல்லாம் பசுமையாக, சாவதானமாக நகர்கிறது. மாமனார் வீட்டு வாசலில் அவன் நட்ட பூவரசு பூத்துக் குலுங்க, அவனுக்கு மட்டும் பிள்ளை இல்லை. வில்லன் என்று ஒருவனும் இல்லை. எல்லாரும் பிரியத்தினாலேயே காரியம் செய்கிறார்கள். எல்லாருடைய பிரியமும் சேர்ந்து இரண்டு பேரைக் கொன்றுபோடுகிறது. பகைவன் கொடுக்கும் விஷத்தை அடையாளம் கண்டு துப்பிவிடலாம். தாய் ஊட்டும் சோற்றில் இருந்தால் என்ன செய்வது?

பிறகு ஆசிரியர் இரண்டு நாவல்கள் எழுதினார். 'ஆலவாய'னில் காளி இறந்துபோகிறான். பொன்னா கைம்பெண்ணாக நிற்கிறாள். 'அர்த்தநாரி'யில் காளி பிழைத்துக்கொள்கிறான். பேசாமல் இருந்தே அவளைத் தண்டிக்கிறான். ஒரே கேள்விக்கு இரண்டு முடிவுகள்.

இது புதிதல்ல. 1966-ல் ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழை நாளில் முன்பின் அறியாதவன் காரில் ஏறி, கெடுக்கப்பட்டுத் திரும்பிய மகளைத் தாய் தலையில் நீர் வார்த்துத் தூய்மையாக்கி ஏற்றுக்கொள்கிறாள். வாசகர்களிடையே பெரிய சர்ச்சை எழுந்தது. பின்பு அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அதில் தாய் அலறி ஊரைக் கூட்டிவிடுகிறாள். மகளின் வாழ்வு திசை மாறிவிடுகிறது. எந்தத் தாய் உண்மை? இரண்டு பேருமே உண்மை. ஒரு கண நேரத்தில் இந்தத் தாய் அந்தத் தாயாகியிருக்கலாம். தீர்ப்பு ஒன்றைத்தான் சொல்ல முடியும். கதைக்குத்தான் இரண்டையும் காட்டும் வசதி உண்டு.

நீதி சொல்ல மறுக்கிற எழுத்து கோழைத்தனம் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். செகாவிடமும் கேட்டிருக்கிறார்கள். 1890-ல் பத்திரிகை அதிபர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில் அவர் பதில் இருக்கிறது. குதிரை திருடுவது தப்பு என்பது நான் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும், தண்டிக்கிறவர்கள் தண்டிக்கட்டும், திருடுகிறவன் எப்படிப்பட்ட மனிதன் என்று காட்டுவதே என் வேலை என்பது அதன் சாரம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் நான் படிக்கவில்லை. அப்பா போனபின், மூன்றாம் வருஷச் சம்பளத்துக்காகப் பெரியப்பாவிடம் போய் நின்றேன். இடுப்பு வாரிலிருந்து நோட்டுகளை எடுத்தார். மூன்று தரம் எண்ணினார். திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். அச்சில் வந்த என் முதல் கதை அவரைப் பற்றியதுதான். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் ஒருவர். எண்ணும் விரலின் நடுக்கத்தைக்கூட விடாமல் எழுதியிருந்தேன். எல்லாரும் மெச்சினார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் கதையில் நான் வைத்த பெயராலேயே அவரைக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வருஷம் கழித்து இறந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் தங்கை மகன் வந்து, "மாமா, காலேஜ் பணம்..." என்று இழுத்தான். வீட்டுக் கடன் தவணைக்கு நாலு நாள் இருந்தது. பீரோவைத் திறந்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மூடிவிட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்டா" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்பது உறைத்தது.

பெரியப்பா ஒளித்து வைத்த தர்மவான் என்று இப்போதும் நான் சொல்லவில்லை. அவர் கஞ்சர்தான். என் கதையில் ஒரு விவரம்கூடப் பொய்யில்லை. ஆனாலும் அது பொய்க் கதை. மூன்று தரம் எண்ணிய விரல்களுக்குள் நான் ஒரு தரமாவது புகுந்து பார்க்கவில்லை. தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சியங்களைச் சேகரித்தேன்.

அதற்காக, புரிந்துகொண்டால் எல்லாம் மன்னிக்கப்பட்டது என்று அர்த்தமா? இல்லவே இல்லை. அன்று வாசற்படி இறங்கிப் போன பையனின் முகம் என் நியாயங்கள் எதனாலும் மாறாது. புரிந்துகொள்வது வேறு, விடுதலை செய்வது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், பாத்திரத்துக்கு மனம் கொடுத்த எழுத்தாளனை அதன் செயலுக்கும் உடந்தை என்று எண்ணுகிறோம். பெருமாள்முருகனுக்கு எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் தமக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவிக்கும்படி ஆயிற்று. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் எழுதும் உரிமையை உறுதி செய்தது. சட்டத்தின் தீர்ப்பு அதோடு முடிந்தது. பொன்னாவின் வழக்கு முடியவில்லை. அது வாசிக்கிறவர் ஒவ்வொருவரிடமும் புதிதாக விசாரணைக்கு வருகிறது.

ஆசிரியர் ஐயாவுக்கு இப்போது என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பொன்னா செய்தது தப்பா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியோடு உட்கார முடியாமல் என் வாசலில் நின்றீர்களே, பெரியப்பாவைப் பற்றி எழுதிய அன்று நானும் அப்படிக் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால், ஒரு கிழவர் கடைசிவரை அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருப்பார்.