திங்கட்கிழமைக்குள் கையெழுத்து

என் தங்கை மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். போன வியாழக்கிழமை சாயங்காலம் புத்தகப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். கோடை விடுமுறையில் மூன்று நாள் சாகச முகாம். மலையேற்றம், கயிற்றுப் பாலம், பரிசல், இரவில் கூடாரம். திங்கட்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: முகாமில் என்ன நேர்ந்தாலும் பள்ளியோ முகாம் நடத்துபவர்களோ பொறுப்பல்ல. தங்கை பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இதே மாதிரித் தாள் இந்த வாரம் சிங்கப்பெருமாள் கோவிலிலும் மறைமலை நகரிலும் கூடுவாஞ்சேரியிலும் எத்தனையோ வீடுகளுக்கு வந்திருக்கும். அந்த வீடுகளில் இருக்கும் அப்பா அம்மாக்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கையெழுத்தை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். முதலில் கேள்வி கேளுங்கள்.

பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரான சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மரை வலம் வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றி வர வேண்டும். பாறையைக் குடைந்த கோயில் அது. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குன்றைச் சுற்றியதுதான் எனக்கு முதல் மலை நடை. எங்கே வழுக்கும், எங்கே முள் கிடக்கும் என்று பாட்டிக்குத் தெரியும். இன்றைய பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டுக்கும் டியூஷனுக்கும் நடுவே வளர்கிறார்கள். அவர்கள் மலையைப் பார்க்க வேண்டும், மண்ணில் படுக்க வேண்டும், இருட்டில் நட்சத்திரம் எண்ண வேண்டும். கூடவே, வழி தெரிந்த ஒரு கை அவர்களைப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கை யாருடையது என்று தெரியாமல் அனுப்புவதைத்தான் தவறு என்கிறேன்.

2018 ஜூலை 12ஆம் தேதி கோவை அருகே ஒரு தனியார் கல்லூரியில் நடந்ததை மறந்துவிட்டோமா? பேரிடர் மீட்புப் பயிற்சி என்றார்கள். கீழே மாணவர்கள் வலை பிடித்து நின்றார்கள். இரண்டாவது மாடியின் விளிம்பில் 19 வயது மாணவி ஒருத்தி குதிக்கத் தயங்கி உட்கார்ந்திருந்தாள். பயிற்சியாளர் அவளைத் தள்ளினார். கீழ்த்தளத்து சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்துபோனாள். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பயிற்சியாளர் என்று அவர் தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஆணையம் அறிவித்தது, உயிர் போன பிறகு. அந்த வீடியோவை நாடே பார்த்தது. அவள் தயங்குவதும் பின்வாங்குவதும் அதில் தெளிவாகத் தெரிகிறது. சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். “வேண்டாம் சார், அவளை விட்டுடுங்க” என்று ஒரு பெரியவர் குறுக்கே போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அதற்கும் முன்னால், ஆணையத்துக்கு ஒரே ஒரு போன் போட்டிருந்தால் அந்த ஆள் கல்லூரி வாசலையே தாண்டியிருக்க மாட்டார்.

ஆறு வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் மாணவிகளை இரவில் பள்ளியிலேயே தங்க வைத்தார்கள். 13 வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அந்த முகாமுக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை. பள்ளி முதல்வர் உட்படப் பலர் கைதானார்கள். அங்கேயும் போடாமல் விட்டது ஒரு போன்தான். என்.சி.சி. என்றால் அதற்கு பட்டாலியன் உண்டு, அலுவலகம் உண்டு, பொறுப்பு அதிகாரி உண்டு. கேட்டால் பதில் கிடைக்கும்.

தலைமை ஆசிரியர்களே, தாளாளர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். காக்கி உடுப்பும் விசிலும் கழுத்தில் ஓர் அடையாள அட்டையும் தகுதிச் சான்று ஆகாது. ஒரு குழந்தை வந்து “அந்த சார் தப்பா நடந்துக்கிட்டாரு” என்று சொன்னால், பள்ளியின் பெயரைக் காப்பாற்றுவது உங்கள் வேலை அல்ல. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உடனே புகார் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் நீங்கள். மறைத்தால் 21ஆம் பிரிவு நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. பொடி எழுத்தில் “பொறுப்பல்ல” என்று அச்சடித்தால் தப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை தண்டனை தருகிறது.

சாகசம் என்றால் மலை மட்டும்தான் என்றும் எண்ண வேண்டாம். 2023 பிப்ரவரி 15 அன்று கால்பந்துப் போட்டிக்குப் போன புதுக்கோட்டை மாவட்டப் பள்ளிச் சிறுமிகள் நான்கு பேர் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். பயணத்தின் நடுவே ஆற்றில் இறங்கினார்கள், அவ்வளவுதான். எங்கள் பக்கத்திலும் காப்புக்காடு இருக்கிறது, ஏரிகள் இருக்கின்றன, கைவிட்ட கல்குவாரிப் பள்ளங்களில் ஆழம் தெரியாத தண்ணீர் நிற்கிறது. அனுமந்தபுரம் பக்கம் போனால் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருக்கிறது. வெளியூர் முகாம்காரருக்கு இதெல்லாம் தெரியுமா என்று யார் கேட்டார்கள்?

2018 மார்ச் 11 குரங்கணியை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போன இளைஞர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காய்ந்த புல்லில் தீ பிடித்துக்கொண்டது. 23 உயிர் போயிற்று. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளை வனத்துறை திறந்தது. முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, தீக்காலத்தில் பாதைகளை மூடி வைப்பது என்று ஓர் ஒழுங்கு இப்போது இருக்கிறது. நல்லது. ஆனால் தனியார் தோப்பில், பண்ணை வீட்டில், பள்ளி மைதானத்தில் நடக்கும் முகாம்? மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018இல் சாகசச் சுற்றுலாவுக்குப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நெறி நெறிதான். அதை மீறியவரின் கதவைத் தட்ட ஆள் வேண்டுமே.

இங்கிலாந்தில் அந்த ஆளை உண்டாக்கியவர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள். 1993 மார்ச் 22ஆம் தேதி லைம் வளைகுடாவில் கயாக் ஓட்டப் போன பிளிமத் நகரப் பள்ளி மாணவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களை அழைத்துப் போன சாகச மையத்தில் முன்பு வேலை பார்த்த பயிற்சியாளர்கள், இங்கே பாதுகாப்பு போதாது என்று நிர்வாகத்துக்கு ஏற்கெனவே கடிதம் எழுதியிருந்தார்கள். கடிதம் வந்தது, படிக்கப்பட்டது, எதுவும் மாறவில்லை. மையத்தை நடத்திய நிறுவனத்தின் இயக்குநர் சிறைக்குப் போனார். பெற்றோர்கள் அதோடு வீட்டில் உட்காரவில்லை. 1995இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கோ குகைக்கோ நீருக்கோ போகும் நிறுவனங்களுக்குச் சோதனையும் உரிமமும் கட்டாயமாயின. நான்கு பிள்ளைகளுக்காக ஒரு சட்டம். நாம் எத்தனை பிள்ளைகளைக் கொடுத்துவிட்டோம்! பதின்பருவத்தினருக்கான எல்லா முகாம்களுக்கும் உரிமம் கட்டாயம் என்று நம் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுப்போம். அதற்கு இன்னொரு சாவு தேவையில்லை.

முகாம் நடத்தும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் மலையை உயிராக நேசிப்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். பயப்படுகிற பிள்ளையைக் கேலி செய்து ஏற்றாதீர்கள், தள்ளாதீர்கள். லைஃப் ஜாக்கெட் பத்துதான் இருக்கிறதென்றால் பதினோராவது பிள்ளை கரையில் நிற்கட்டும். வானம் கறுத்தால் திரும்பி வாருங்கள். பணம் கட்டிவிட்டார்களே என்று யோசிக்காதீர்கள். ஹார்னஸின் தையல் பிரிந்திருந்தால் அன்றைக்கு அந்தக் கயிறு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலையில் தாளில் இருந்த எண்ணுக்கு நான் போன் செய்தேன். முகாம் சரியாக எந்த இடத்தில்? வனப்பகுதி என்றால் அனுமதிக் கடிதத்தின் நகல் கிடைக்குமா? எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர்கள்? மாணவிகளோடு இரவில் தங்கப் போகும் ஆசிரியை யார்? பயிற்சியாளர்கள் எங்கே பயின்றார்கள்? முதலுதவி தெரிந்தவர் யார், பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம்? பிள்ளைகள் வீட்டோடு பேச போன் கொடுப்பீர்களா? எதிர்முனையில் இருந்தவர் கோபப்படவில்லை. “சார், இதுவரைக்கும் யாருமே இப்படிக் கேட்டதில்ல” என்றார். விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார்.

பையனிடமும் பேசினேன். பயமாக இருந்தால் “மாட்டேன்” என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு, அதற்காக யாரும் அவனைக் கோழை என்று சொல்ல முடியாது என்றேன். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் மனப்பாடமாக ஒப்பித்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை. வாட்ஸ்அப்பில் இன்னும் ஒன்றும் வரவில்லை. தாள் டி.வி. மேல் கையெழுத்தில்லாமல் இருக்கிறது.