வீட்டில் இல்லாத ஒருவர் பெயர்

அர்ச்சனைத் தட்டை வாங்கும்போது நாங்கள் கேட்பது பெயர், நட்சத்திரம், ராசி. மற்றதை அவர்களே சொல்லிவிடுவார்கள். மகளுக்கு வரன் தள்ளிப்போகிறது, பையன் நீட் எழுதுகிறான், ஸ்கேனில் ஏதோ கட்டி என்று வந்திருக்கிறது. சிவாச்சாரியார் குலத்தில் பிறந்து, காவிரிக்கரைக் கோயில்களிலேயே காலம் கழித்தவன் நான். இந்த வேண்டுதல்களையெல்லாம் சுயநலம் என்று மேடையில் யாராவது பேசினால் மனம் ஒப்புவதில்லை. பிள்ளைக்குக் கட்டி என்று கேள்விப்பட்ட தாய் ஸ்வாமியிடம் வராமல் வேறு எங்கே போவாள்?

ஆகமங்கள் பூஜையை ஆத்மார்த்தம், பரார்த்தம் என்று பிரிக்கின்றன. தீட்சை பெற்றவர் தம் வீட்டில், தம் நன்மைக்காகச் செய்வது ஆத்மார்த்தம். கோயிலில் ஊருக்கும் உலகத்துக்குமாகச் செய்வது பரார்த்தம். அதற்கு ஆசார்யாபிஷேகம் ஆகியிருக்க வேண்டும். விடியலில் வீட்டுப் பூஜையை முடித்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் முறை. தனக்கென்று கும்பிடுவதை ஆகமம் தள்ளவில்லை. அதோடு நின்றுவிட எங்களுக்கு அனுமதியும் இல்லை. ஒரு கால பூஜை மட்டும் நடக்கும் கிராமத்துக் கோயில்களில் பல நாள் ஒரு ஜனம்கூட எட்டிப் பார்க்காது. அன்றைக்கும் அபிஷேகம் உண்டு, நைவேத்தியம் உண்டு, தீபாராதனை உண்டு. கோயில் பக்கமே வராதவனுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கற்பூரம் எரிகிறது.

தனக்காகக் கேட்டவர்களில் சுந்தரரை மிஞ்ச ஆளில்லை. பொன் கேட்டார். போன கண்ணைத் திரும்பக் கேட்டார். மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க ஸ்வாமியையே தூது அனுப்பினார். நெல்லுக்காக அவர் கேட்டதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். குண்டையூரில் ஒரு பெரியவர் திருவாரூரில் பரவையார் வீட்டுக்கு நெல்லும் பருப்பும் அனுப்பிவந்தார். மழை பொய்த்து ஒரு வருஷம் அனுப்ப முடியாமல் போயிற்று. அந்த வருத்தத்தில் அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். விடிந்தால் ஸ்வாமி அருளால் குண்டையூரெல்லாம் நெல் மலை. அதைத் திருவாரூருக்குச் சுமக்க ஆள் வேண்டுமே! இன்று திருக்குவளை என்கிற திருக்கோளிலிக்குப் போய், ஆள் தரும்படி பாடினார் சுந்தரர். அன்றிரவு பூதங்கள் நெல்லைத் தூக்கிவந்து திருவாரூர்த் தெருக்களில் குவித்துவிட்டன. அடுத்து நடந்ததுதான் முக்கியம். அவரவர் வீட்டெல்லைக்குள் கிடக்கிற நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்று பரவையார் பறையறைவித்தார். தன் வீட்டுக்கென்று கேட்டு வந்த நெல் ஊருக்குச் சோறானது. பெரியபுராணத்தில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். கேட்ட சுந்தரரைச் சேக்கிழார் எங்கும் குறைத்துச் சொல்லவில்லை.

இன்னொரு வகையினர் வருவார்கள். "எனக்குக் காசு பணம் வேண்டாம், பிறவி போதும், முக்தி மட்டும் கிடைத்தால் போதும்" என்பார்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அவர்களில் சிலர், பிரதோஷக் கூட்டத்தில் நந்தி அபிஷேகம் பார்க்க, முன்னால் நிற்கும் கிழவியை முழங்கையால் தள்ளிவிட்டு வருவதையும் பார்த்திருக்கிறேன். முக்தியையும் தன் ஒருவனுக்கே என்று கேட்டால் அதுவும் தன் பங்குக்குக் கேட்பதுதான். அடியார்கள் வீடுபேற்றைக்கூட வேண்டாதவர்கள் என்பது சேக்கிழார் வாக்கு.

வெள்ளிக்கிழமை தவறாமல் ஓர் அம்மாள் வருவார். வீட்டார் பெயரையெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் ஒரு குழந்தையின் பெயரும் நட்சத்திரமும் சொல்வார். பேத்தியா என்று கேட்டேன். எதிர்வீட்டுக் குழந்தையாம், வலிப்பு வருகிறதாம். வாய்க்கால் தகராறில் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் என்பது ஊருக்கே தெரியும். "குழந்தை என்ன சாமி பண்ணும்?" என்றார். என் கையால் எத்தனையோ ஹோமங்கள் நடந்திருக்கின்றன. அந்த அம்மாளின் அர்ச்சனையை விடப் பெரிதாக எதையும் நான் செய்ததாக நினைக்கவில்லை.

அடுத்த முறை தட்டை நீட்டும்போது உங்கள் வீட்டார் பெயர்களைத் தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே, உங்கள் வீட்டில் இல்லாத ஒருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நட்சத்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை, பெயர் போதும்.