கட்டணம் கொடுப்பது யார்?

குஜராத் ஆலைகளின் புகைபோக்கித் தூசுக்கு வரம்பு, கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். ஆலைகளின் சுற்றுச்சூழல் தணிக்கை அறிக்கைகளில் எண்கள் பெரும்பாலும் அந்த 150-க்குச் சற்றே கீழே வரிசைகட்டி நின்றன. வரம்பை மீறிய ஆலைகள் 7 சதவீதம் என்றன அறிக்கைகள். ஆய்வாளர்கள் தாமே அளந்தபோது 59 சதவீதம்! தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் கொடுப்பது ஆலை முதலாளியே என்றால் உண்மை எப்படி வெளிவரும்? பொருளியலாளர்கள் எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே உள்ளிட்ட அந்த ஆய்வுக் குழுவினர் ஏற்பாட்டை மாற்றிப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் தணிக்கையாளர், பொது நிதியிலிருந்து கட்டணம், சில ஆலைகளில் மறு அளவீடு. அறிக்கைகளில் பொய் வெகுவாகக் குறைந்தது. ஆலைகள் கக்கிய மாசும் குறைந்தது. புது இயந்திரமோ புதுச் சட்டமோ அல்ல, தணிக்கையாளரை நியமிக்கும், கட்டணம் கொடுக்கும், சரிபார்க்கும் ஏற்பாட்டை மாற்றியதுதான் இத்தனைக்கும் காரணம். 2015-ல் குஜராத் தன் தணிக்கை விதிகளையே திருத்தியது.